கேட்டலாக் என்டிட்டிகளுக்கு ஏபிஐ வழியாக லேபிள் இடும்போது வரும் பிழைகள்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

அப்பாச்சி அட்லஸ் என்பது ஒரு நிறுவனத்தின் தரவுகளைப் பட்டியலிடும் கேட்டலாக் மென்பொருள்; அதில் பதிவாகும் டேபிள், நெடுவரிசை போன்ற ஒவ்வொன்றும் ஓர் என்டிட்டி. அதன் 2.1 பதிப்பிலிருந்து என்டிட்டிகளுக்கு லேபிள், அதாவது சிறு குறிச்சொல், இடும் வசதி ஏபிஐயில் (நிரல்கள் அழைக்கும் இடைமுகத்தில்) இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கேட்டலாக் சேவையான பர்வியூவின் டேட்டா மேப்பும் அட்லஸின் அதே வடிவிலான ஏபிஐயை ஏற்றுக்கொள்வதால், கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும்; பொருந்தாத இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். லேபிள் எதற்கு, வகைப்பாடு எதற்கு என்ற விவாதத்துக்குள் இந்த வழிமுறை போகாது. எதிரில் ஒரு பிழை நிற்கும்போது எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு நிர்வாகியைக் கூப்பிடுவது என்பது மட்டுமே இங்கே பேசப்படுகிறது.

## தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

சர்வர் தந்த நிலை எண், பதிலின் முழு உள்ளடக்கம், அந்த என்டிட்டியின் தற்போதைய நிலை ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். நிலையைப் படிக்க, ஜி.யு.ஐ.டி.யைக் (என்டிட்டியின் தனித்த அடையாள எண்ணை) கொண்டு என்டிட்டியின் ஹெடரை (சுருக்க விவரத்தை) மட்டும் கேட்டால் போதும். லேபிள்கள், வகை, உயிருடன் இருக்கிறதா நீக்கப்பட்டுவிட்டதா என்ற நிலை ஆகிய எல்லாம் அந்தச் சிறிய பதிலிலேயே வந்துவிடும். இணையத் திரையில் தெரிவதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம், ஏனெனில் தேடல் பட்டியல் வேறோர் இடத்திலிருந்து தகவலை எடுக்கிறது. அதன் விளைவை நான்காம் அறிகுறியில் பார்ப்போம்.

சரியாக முடிந்த லேபிள் அழைப்புக்கு வரும் எண் 204, உள்ளடக்கம் எதுவும் இராது. 200 வந்து, அதனுடன் எச்.டி.எம்.எல் பக்கம் ஒன்றும் வந்திருந்தால், இடையில் இருக்கும் கேட்வே உங்கள் கோரிக்கையை உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது என்று பொருள். ஸ்கிரிப்ட் 'வெற்றி' என்று எழுதிவிட்டு அடுத்த என்டிட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும், லேபிள் எதுவும் ஏறியிராது. ஆகவே இருநூறு வரிசை எண் எதுவானாலும் வெற்றி என்று எடுத்துக்கொள்ளும் சோதனையை விட்டுவிட்டு, 204 தானா என்று குறிப்பாகச் சோதிக்க வேண்டும்.

## அறிகுறி 1: புதிய லேபிள் ஏறியது, பழையவை காணாமல் போயின

அதிகச் சேதம் விளைவிக்கும் அறிகுறி இதுவே, ஏனெனில் சர்வர் எந்தப் பிழையும் காட்டாது. யாரோ ஒருவர் பழைய லேபிளைக் கொண்டு தேடி எதுவும் கிடைக்காமல் திகைக்கும்வரை விஷயம் வெளியே வராது.

### போஸ்ட் அனுப்பினீர்களா, புட் அனுப்பினீர்களா?

லேபிளுக்கான முகவரி ஒன்றுதான், அதை எந்த எச்.டி.டி.பி. முறையில் அழைக்கிறோம் என்பதே பொருளை மாற்றுகிறது. போஸ்ட் என்றால், நீங்கள் தரும் பட்டியல்தான் இனி அந்த என்டிட்டியின் முழு லேபிள் பட்டியல். அதில் இல்லாத பழையவை எல்லாம் நீக்கப்படும். புட் என்றால், இருப்பவை இருக்க, தந்தவை சேரும். மற்ற ஏபிஐகளில் போஸ்ட் புதிதாகச் சேர்க்கவும் புட் முழுமையாக மாற்றி எழுதவும் பயன்படுவதைப் பார்த்துப் பழகிய கைக்கு இது நேர்த் தலைகீழ். அந்தப் பழக்கத்தில் எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்தான் பெரும்பாலும் இந்த அறிகுறியின் மூலம். கிளையன்ட் நூலகம் வழியாக அழைப்பவர்கள், தாங்கள் கூப்பிடும் செயற்கூறு உள்ளே எந்த முறையைப் பயன்படுத்துகிறது என்பதை ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.

என் கருத்தில், பட்டியல் முழுவதற்கும் பொறுப்பான ஒரே ஒரு ஸ்கிரிப்ட் தவிர வேறு எதற்கும் போஸ்ட் தேவையில்லை. மற்ற எல்லாமே புட் வழியாகவே போகட்டும்.

### பட்டியல் வெறுமையாகப் போனதா?

போஸ்ட்டுடன் வெற்றுப் பட்டியல் போனால், இருக்கும் லேபிள்கள் அனைத்தும் நீங்கும். எவரும் வேண்டுமென்றே இதைச் செய்வதில்லை. எக்செல் கோப்பிலிருந்தோ வேறொரு டேபிளிலிருந்தோ லேபிள்களைப் படிக்கும் ஸ்கிரிப்ட்டில், ஒரு வரிசையில் மதிப்பு இல்லாதபோது வெற்றுப் பட்டியல் உருவாகி அப்படியே அனுப்பப்பட்டுவிடுகிறது. அனுப்பும் முன் பட்டியல் வெறுமையா என்று பார்த்து, வெறுமையானால் அந்த என்டிட்டியைத் தாண்டிச் செல்லும்படி ஒரு வரி சேர்த்தால் போதும். உண்மையிலேயே எல்லாவற்றையும் நீக்க வேண்டிய தேவை வந்தால், அதற்கென்று தனியாக ஒரு கட்டளை வைத்துக்கொள்ளலாம்.

### இரண்டு ஸ்கிரிப்ட்கள் ஒரே நேரத்தில் எழுதினவா?

'படி, சேர், போஸ்ட் செய்' என்று இயங்கும் இரண்டு வேலைகள் ஒரே என்டிட்டியை ஒரே சமயத்தில் தொட்டால், பின்னால் எழுதியதே நிற்கும். ஒன்று படித்த பிறகு மற்றொன்று சேர்த்த லேபிள் முதலாவதன் பட்டியலில் இராது, ஆகவே அது அழிந்துபோகும். சில நாட்களில் மட்டும், சில என்டிட்டிகளில் மட்டும் லேபிள் மறைகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இதற்கும் மருந்து புட் தான்.

### மீட்பது எப்படி

அட்லஸ் ஒவ்வொரு என்டிட்டிக்கும் தணிக்கைப் பதிவு வைத்திருக்கிறது. லேபிள் சேர்த்தலும் நீக்கலும் அதில் தனித்தனி நிகழ்வுகளாக, யார் செய்தார், எப்போது செய்தார் என்ற விவரத்துடன் நிற்கும். பாதிக்கப்பட்ட ஜி.யு.ஐ.டி.க்களைத் திரட்டி, ஒவ்வொன்றின் தணிக்கைப் பதிவிலிருந்தும் நீக்கப்பட்ட லேபிள்களை எடுத்து, புட் மூலம் திரும்ப ஏற்றலாம். என்டிட்டிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால், இதைச் செய்வதற்கு முன் கேட்டலாக் நிர்வாகியிடம் காப்புப் பிரதி இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. அவசரத்தில் எழுதிய மீட்பு ஸ்கிரிப்ட் இரண்டாம் சேதத்தை உண்டாக்குவதும் உண்டு.

## அறிகுறி 2: 400 அல்லது 415

415 வந்தால் ஒரே ஒரு காரணம்தான் பெரும்பாலும்: உள்ளடக்கம் ஜேசான் என்று அறிவிக்கும் எச்.டி.டி.பி. ஹெடர் (இது என்டிட்டியின் ஹெடர் அல்ல, கோரிக்கையின் ஹெடர்) போகவில்லை. கர்ல் கருவியில் தரவை மட்டும் கொடுத்தால் அது படிவத் தரவு என்றே அறிவித்துக்கொள்ளும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் ஜேசானை நீங்களே சரமாக்கி 'டேட்டா' என்ற இடத்தில் கொடுத்தால் ஹெடரே போகாது, 'ஜேசான்' என்ற இடத்தில் பட்டியலைக் கொடுத்தால் தானாகவே போகும்.

400 வந்தால் கீழுள்ள வரிசையில் பாருங்கள்.

### உள்ளடக்கத்தின் வடிவம்

சர்வர் எதிர்பார்ப்பது சரங்களின் பட்டியல் மட்டுமே: சதுர அடைப்புக்குள், இரட்டை மேற்கோளில், காற்புள்ளியால் பிரித்த லேபிள்கள். 'லேபிள்ஸ்' என்ற பெயரிட்ட புலத்துக்குள் பட்டியலை வைத்து, சுருள் அடைப்பால் மூடி அனுப்புவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. என்டிட்டியைப் படிக்கும்போது அந்த வடிவில்தான் பதில் வருகிறது என்பதால் எழுதும்போதும் அப்படியே அனுப்பத் தோன்றுவது இயல்பே. ஒரே ஒரு லேபிள் என்றாலும் பட்டியலாகவே அனுப்ப வேண்டும்.

### எழுத்துகள்

அட்லஸில் லேபிளுக்குள் ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, சிறுகோடு ஆகியவை மட்டுமே வரலாம். இடைவெளி, புள்ளி, முக்காற்புள்ளி, சாய்கோடு ஆகிய எதற்கும் இடமில்லை. தமிழ் எழுத்துகளும் ஏற்கப்படாது. தமிழில் பெயரிட வேண்டிய தேவை இருந்தால் அதை விளக்கப் புலத்திலோ வணிகச் சொற்கோவையிலோ வைத்துக்கொண்டு, லேபிளுக்கு ஒலிபெயர்ப்பைப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை மறந்துவிட வேண்டாம்: எக்செல் கோப்பிலிருந்து எடுத்த மதிப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இடைவெளி போதும், அந்த அழைப்பு முழுவதும் நிராகரிக்கப்பட. பட்டியலில் பத்து லேபிள்கள் சரியாக இருந்து ஒன்று மட்டும் தவறானாலும் எதுவும் ஏறாது.

### நீளம்

இயல்புநிலையில் ஒரு லேபிளுக்கு 50 எழுத்துகள் வரம்பு. இது அட்லஸ் சர்வரின் அமைப்புக் கோப்பில் மாற்றக்கூடிய ஒன்று, ஆனால் மாற்றுவதற்கு நிர்வாகி வேண்டும். 50 எழுத்துக்கு மேல் தேவைப்படும் செய்தி பெரும்பாலும் லேபிளாக இருக்க வேண்டிய செய்தியே அல்ல என்பது என் அனுபவம். அது வணிக மெட்டாடேட்டாவில் ஒரு பண்பாக இருக்க வேண்டியது.

### படிக்க முடிகிறது, எழுத மட்டும் 400

வடிவமும் எழுத்தும் நீளமும் சரி, கெட் அழைப்புகள் எல்லாம் வேலை செய்கின்றன, எழுதும் அழைப்புகள் மட்டும் விழுகின்றன என்றால், சர்வரில் சி.எஸ்.ஆர்.எஃப் தடுப்பு (வேறொரு தளம் பயனரின் பிரவுசர் வழியாகக் கள்ளக் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் வசதி) இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கோரிக்கை தன்னை ஒரு பிரவுசராக அறிவித்துக்கொண்டால், அதாவது யூசர் ஏஜென்ட் ஹெடர் மொசில்லா, ஓபரா, குரோம் என்று தொடங்கினால், எக்ஸ்-எக்ஸ்எஸ்ஆர்எஃப்-ஹெடர் என்ற கூடுதல் ஹெடரையும் அது கேட்கும். கெட் அழைப்புகளுக்கு இந்தச் சோதனை இல்லாததால்தான் படிப்பது மட்டும் நடக்கிறது. அந்த ஹெடரைச் சேர்த்தால், அல்லது பிரவுசர் போல நடிப்பதை விட்டுவிட்டால், சரியாகிவிடும்.

## அறிகுறி 3: 404

பதிலின் உள்ளே அட்லஸின் பிழைக் குறியீடு இருக்கிறதா இல்லையா என்பதுதான் இங்கே முதல் கிளை.

### பிழைக் குறியீடு இல்லாத வெறும் 404

கோரிக்கை அந்தச் செயலியையே அடையவில்லை. முகவரியில் எழுத்துப் பிழை, கேட்வே வழியாகப் போகும்போது சேர்க்க வேண்டிய முன்பகுதி விடுபட்டது, 'வி2' என்ற பகுதி விடுபட்டது ஆகியவை எளிய காரணங்கள். இவை எல்லாம் சரியானால், அட்லஸின் நிர்வாகப் பகுதியில் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள், 2.1க்கு முந்தைய பதிப்பானால் லேபிளுக்கான முகவரியே அதில் இராது. பதிப்பை உயர்த்துவது உங்கள் வேலையல்ல, நிர்வாகியிடம் போக வேண்டிய வேலை.

### அட்லஸ்-404-00-005: ஜி.யு.ஐ.டி. இல்லை

ஜி.யு.ஐ.டி.யின் முதல் எழுத்தைப் பாருங்கள். கழித்தல் குறியில் தொடங்கினால், அது மொத்தமாக என்டிட்டிகளை உருவாக்கும்போது நீங்களே கொடுத்த தற்காலிக எண். உருவாக்கும் அழைப்பின் பதிலில், தற்காலிக எண்ணுக்கு எதிரே உண்மையான ஜி.யு.ஐ.டி. எது என்று காட்டும் ஒரு பட்டியல் வரும். அதிலிருந்து எடுத்துப் பயன்படுத்த வேண்டும். தொடக்கம் சரியாக இருந்தால், சோதனைச் சூழலின் ஜி.யு.ஐ.டி.யை உற்பத்திச் சூழலுக்கு அனுப்பினீர்களா என்று பாருங்கள். ஒரே டேபிளுக்கு இரண்டு சூழல்களிலும் ஜி.யு.ஐ.டி. வேறு வேறாகவே இருக்கும்.

### அட்லஸ்-404-00-009: தனித்துவப் பண்பால் தேடியது கிடைக்கவில்லை

ஜி.யு.ஐ.டி.க்குப் பதிலாக வகையின் பெயரையும் குவாலிஃபைடு நேமையும் (என்டிட்டியின் தனித்துவமான முழுப் பெயரையும்) கொடுத்து லேபிள் இடும் வழியில் இது வரும். வகை சரிதானா என்பதை முதலில் பாருங்கள்; டேபிளின் பெயரைக் கொடுத்துவிட்டு நெடுவரிசை வகையைக் கேட்பது சாதாரணமாக நடக்கும். அடுத்து, பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஹைவ் டேபிளின் குவாலிஃபைடு நேம் 'தரவுத்தளம், புள்ளி, டேபிள், அட் குறி, கிளஸ்டர் பெயர்' என்ற வடிவில் இருக்கும். கிளஸ்டர் பெயர் விடுபடுவதும், இயல்பான 'பிரைமரி' என்று நினைத்து எழுத உண்மையில் வேறு பெயர் இருப்பதும்தான் பெரும்பாலான வழக்குகள்.

பெயர் பொருந்தியும் கிடைக்கவில்லை என்றால் முகவரிக் குறியாக்கத்தைச் சோதியுங்கள். கூட்டல் குறி இடைவெளியாக மாறிவிடும். ஹாஷ் குறிக்குப் பின்னால் உள்ளது சர்வரையே அடையாது. ஆம்பர்சண்ட் வந்த இடத்தில் பெயர் இரண்டாக வெட்டப்படும். பர்வியூவில் குவாலிஃபைடு நேம் பல நேரங்களில் முழு இணைய முகவரி வடிவில் இருப்பதால் இந்தத் தொல்லை அங்கே கூடுதல். என்டிட்டியை ஒருமுறை தேடல் வழியாகப் பிடித்து, பதிலில் வரும் குவாலிஃபைடு நேமை அப்படியே எடுத்து, நூலகத்தின் குறியாக்கச் செயற்கூறு வழியாக அனுப்புவதே நம்பகமான வழி. கையால் தட்டச்சு செய்யும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

## அறிகுறி 4: 204 வந்தது, ஆனால் லேபிள் தெரியவில்லை

ஹெடரை நேரடியாகப் படியுங்கள். கிளை இங்கே பிரிகிறது.

### ஹெடரில் லேபிள் இருக்கிறது, தேடலில் இல்லை

அட்லஸ் தரவை ஜேனஸ்கிராஃப் என்ற தரவுத்தளம் வழியாகச் சேமிக்கிறது. தேடலுக்கோ சோலர் அல்லது எலாஸ்டிக்சர்ச் இன்டெக்ஸைப் பயன்படுத்துகிறது. சேமிப்புக்கும் இன்டெக்ஸுக்கும் இடையே சிறு தாமதம் இருக்கலாம். லேபிள் இட்ட அடுத்த நொடியே தேடிப் பார்த்து முடிவெடுக்கும் சோதனை ஸ்கிரிப்ட்கள் இதனாலேயே ஒருநாள் தேறி ஒருநாள் விழுகின்றன. சோதனையை ஹெடர் வாசிப்புக்கு மாற்றிவிடுங்கள்.

எழுத்தின் அளவும் பொருட்படுத்தத் தக்கது: பெரிய எழுத்தில் தொடங்கும் லேபிளும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே லேபிளும் இரண்டு வேறு லேபிள்களாகவே சேமிக்கப்படும். பல மணி நேரம் கழித்தும் தேடலில் வரவில்லை என்றால் இன்டெக்ஸ் பழுதாகியிருக்கலாம். அதற்கு அட்லஸுடன் வரும் இன்டெக்ஸ் சீரமைப்புக் கருவி உண்டு, ஆனால் அதை நிர்வாகி மட்டுமே ஓட்ட வேண்டும். அவரிடம் போகும்போது பாதிக்கப்பட்ட ஜி.யு.ஐ.டி., லேபிள் இட்ட நேரம், ஹெடரின் பதில் ஆகியவற்றைக் கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

### ஹெடரில் லேபிள் இருக்கிறது, திரையில் திறந்த என்டிட்டியில் இல்லை

இரண்டும் ஒன்றல்ல. ஒரு டேபிளை நீக்கி அதே பெயரில் மீண்டும் உருவாக்கினால், அட்லஸில் பழைய என்டிட்டி 'நீக்கப்பட்டது' என்ற நிலையுடன் அப்படியே தங்கும், புதியதற்குப் புதிய ஜி.யு.ஐ.டி. கிடைக்கும். கோப்பில் சேமித்து வைத்திருந்த ஜி.யு.ஐ.டி.க்கு நீங்கள் லேபிள் இட்டது இறந்துபோன என்டிட்டிக்கு. ஹெடரின் நிலைப் புலத்தைப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். தினமும் நீக்கி உருவாக்கப்படும் டேபிள்களுக்கு ஜி.யு.ஐ.டி.யைச் சேமிக்காமல் குவாலிஃபைடு நேம் வழியாகவே லேபிள் இடுவது நல்லது. அப்போதும் ஒவ்வொரு முறை புதிதாக உருவானதற்கும் லேபிளைத் திரும்ப இட வேண்டியிருக்கும் என்பதை மறக்கலாகாது.

### கீழ்நிலை டேபிள்களில் லேபிள் வரவில்லை

வராது. வகைப்பாடுகள் லீனியேஜ் (எந்தத் தரவிலிருந்து எது உருவானது என்ற தொடர்பு) வழியாகப் பரவும், லேபிள்கள் பரவாது. டேபிளுக்கு இட்டது அதன் நெடுவரிசைகளுக்கும் போகாது. பரவ வேண்டும் என்பது தேவையானால் வகைப்பாட்டைப் பயன்படுத்துங்கள். பர்வியூவில் உணர்திறன் லேபிள் என்று திரையில் தெரிவது முற்றிலும் வேறு வசதி, இந்த அழைப்பால் அதைத் தொட முடியாது.

## அறிகுறி 5: 401 அல்லது 403

401 என்றால் சர்வருக்கு நீங்கள் யார் என்பதே தெரியவில்லை. டோக்கன் காலாவதியாகிவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். நீண்ட நேரம் ஓடும் ஸ்கிரிப்ட் பாதியிலிருந்து 401 தரத் தொடங்கினால் வேறு காரணம் தேட வேண்டாம். பர்வியூவில் முதல் அழைப்பிலேயே 401 வந்தால், டோக்கன் பர்வியூவுக்காக வாங்கப்பட்டதா, அஸ்யூர் நிர்வாக ஏபிஐக்காக வாங்கப்பட்டதா என்று பாருங்கள். இரண்டாவது இங்கே செல்லாது.

403 சற்று நுணுக்கமானது. ரேஞ்சர் என்ற அனுமதி மேலாண்மை மென்பொருள் வழியாக அனுமதி கட்டுப்படுத்தப்படும் அட்லஸில், லேபிள் சேர்க்கும் அனுமதியும் நீக்கும் அனுமதியும் தனித்தனி. போஸ்ட் அழைப்பு, இருப்பதையும் வருவதையும் ஒப்பிட்டு, சேரப்போகும் லேபிள்களுக்குச் சேர்க்கும் அனுமதியையும் விடுபடப்போகும் லேபிள்களுக்கு நீக்கும் அனுமதியையும் கேட்கும். அதனால் லேபிளே இல்லாத என்டிட்டிகளில் வெற்றி பெறும் அதே ஸ்கிரிப்ட், முன்பே லேபிள் உள்ளவற்றில் மட்டும் 403 வாங்கும். இப்படிப்பட்ட 403 உண்மையில் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. முதல் அறிகுறியின் விபத்து நடக்கவிடாமல் தடுத்தது அதுதான். நீக்கும் அனுமதி கேட்டு விண்ணப்பிப்பதற்கு முன், புட்டுக்கு மாறினால் போதாதா என்று பாருங்கள்.

புட்டிலும் 403 என்றால் அனுமதிக் கொள்கையில்தான் குறை. ரேஞ்சர் நிர்வாகியிடம் என்டிட்டி வகை, லேபிளின் பெயர், பயனர் கணக்கு மூன்றையும் சொல்லி, சேர்க்கும் அனுமதியைக் கேளுங்கள். பர்வியூவானால், அந்த என்டிட்டி இருக்கும் கலெக்‌ஷனில் உங்கள் கணக்குக்கோ சர்வீஸ் பிரின்சிபலுக்கோ (ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் கணக்குக்கோ) டேட்டா கியூரேட்டர் பொறுப்பு தேவை. வாசகர் பொறுப்பு மட்டும் இருந்தால் படிக்கலாம், எழுத முடியாது.

## அறிகுறி 6: ஸ்கிரிப்ட் தோல்வி என்கிறது, லேபிளோ ஏறியிருக்கிறது

204 பதிலுக்கு உள்ளடக்கம் கிடையாது. அதை ஜேசானாகப் படிக்க முயலும் வரி விழுந்து, தோல்வி என்று பதிவாகிறது. மறுமுயற்சி எழுதப்பட்டிருந்தால் அதே அழைப்பு மூன்று நான்கு முறை போகும். லேபிள்கள் இரட்டிப்பதில்லை என்பதால் தீங்கு எதுவுமில்லை, நேரம்தான் வீண். எண்ணைப் பார்த்த பிறகே உள்ளடக்கத்தைப் படிக்கும்படி மாற்றுங்கள்.

## அறிகுறி 7: நீக்கச் சொன்ன லேபிள் நீங்கவில்லை

டெலீட் அழைப்பிலும் நீக்க வேண்டிய லேபிள்களைப் பட்டியலாக உள்ளடக்கத்தில் அனுப்ப வேண்டும். எச்.டி.டி.பி. விதிகளில் டெலீட் கோரிக்கையின் உள்ளடக்கத்துக்குப் பொதுவான பொருள் எதுவும் வரையறுக்கப்படவில்லை என்பதால், சில நூலகங்களும் இடையிலுள்ள கேட்வேக்களும் அதை உதறிவிட்டே அனுப்புகின்றன. வெற்றுப் பட்டியலுடன் வரும் டெலீட் எல்லா லேபிள்களையும் நீக்காது, எதையுமே நீக்காது. முதலில் லேபிளின் எழுத்துகளை, பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட, ஒப்பிடுங்கள். பொருந்தினால், கேட்வேயைத் தவிர்த்துச் சர்வரை நேரடியாக அழைத்துப் பாருங்கள். அட்லஸின் இயல்பான போர்ட் 21000, பாதுகாப்பான இணைப்புக்கு 21443. நேரடியாக நீங்கினால் குற்றவாளி இடையில் இருக்கிறது, கேட்வே நிர்வாகியிடம் சொல்லுங்கள். அவர் சரிசெய்யும்வரை, ஹெடரைப் படித்து, வேண்டாததைக் கழித்து, மீதியைப் போஸ்ட் செய்யலாம். முழுப் பட்டியலையும் அறிந்து அனுப்புவதால் போஸ்ட் பொருந்தும் அரிய இடம் இது; அந்த நேரத்தில் வேறு வேலை எதுவும் அந்த என்டிட்டியில் எழுதாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 8: 307, 503, 429

இரண்டு அட்லஸ் சர்வர்கள் வைத்திருக்கும் அமைப்பில், ஒதுங்கி நிற்கும் சர்வரை அழைத்தால் எழுதும் கோரிக்கைகளுக்கு 307 வரும். கர்ல் கருவிக்குத் திருப்புதலைப் பின்தொடரச் சொல்ல வேண்டும். சொன்னாலும், வேறு சர்வருக்குப் போகும்போது அடையாளச் சான்றை அது கொண்டுபோகாது. ரிக்வெஸ்ட்ஸ் நூலகமும் அப்படியே. விளைவாக 307ஐத் தொடர்ந்து காரணமே புரியாத 401 வந்து நிற்கும். நிர்வாகப் பகுதியின் நிலை அழைப்பைக் கொண்டு இரண்டில் எது 'ஆக்டிவ்' என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதையே நேராக அழைப்பது எளிய தீர்வு.

சர்வர் பொறுப்பு கைமாறும் இடைவெளியில் 503 வரும். சில நிமிடம் பொறுத்து மீண்டும் முயலலாம். நிலை 'பிகமிங் ஆக்டிவ்' என்றே நகராமல் நின்றால் காத்திருந்து பயனில்லை, சர்வர் லாக் பார்க்கும் அனுமதி உள்ளவரைக் கூப்பிடுங்கள். 429 என்றால் வேகம் மிகுதி. ஓர் அழைப்புக்கு ஓர் என்டிட்டி என்பதால் பெரிய பட்டியல்களில் இது இயல்பாகவே வரும். இணையாக ஓடும் இழைகளைக் குறைத்து, பதிலில் காத்திருப்பு நேரம் தரப்பட்டிருந்தால் அதை மதித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி முடிந்த ஜி.யு.ஐ.டி.க்களைக் கோப்பில் பதிந்துகொண்டே போங்கள்.